ஃபைபர் டப், ஷவர் ட்ரே விரிசல் விடாமல் இருக்க அடியில் என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில் பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜ நகர் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் இப்போது ஒரு குளியலறைக்காவது ஃபைபர் டப் அல்லது ஷவர் ட்ரே (ஷவருக்கு அடியில் நின்று குளிக்கப் பதிக்கும் ஆழமில்லாத தட்டு) கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் பழக்கத்தால் கேட்கிறார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வழுக்காத ட்ரே வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கடையில் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து எடுக்கிறோம். அது எதன்மேல் உட்காரப் போகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தண்ணீர் போகும் துளையைச் சுற்றி முடி போல ஒரு கோடு விழுந்த பிறகுதான் அந்தப் பேச்சே வருகிறது. குளியலறை வேலை எடுத்துச் செய்கிறவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நல்ல கம்பெனி டப்தான் அண்ணாச்சி வாங்கினோம். ஏன் விரிசல் விட்டது?

பெரும்பாலும் டப்பில் குறை இருக்காது, அடியில்தான் இருக்கும். ஃபைபர் டப் என்பது கண்ணாடி இழைப் பாயைப் பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்துச் செய்த சில மில்லிமீட்டர் கனமுள்ள ஓடு. நாம் பார்க்கும் பளபளப்பான மேல்பரப்பு ஜெல்கோட் என்ற மெல்லிய பூச்சு. இழையும் ரெசினும் ஓரளவு வளைந்து கொடுக்கும். ஜெல்கோட் அந்த அளவுக்கு வளையாது.

டப்பின் அடிப்பகுதிக்குக் கீழே காலியிடம் இருந்தால், நாம் ஏறும்போதெல்லாம் அந்த ஓடு கீழே அமுங்கி, இறங்கியதும் மேலே எழும்பும். ஒரு தடவை அமுங்குவதால் எதுவும் ஆகிவிடாது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒடிவதைப் போல, தினமும் நடக்கும் இந்த அசைவுதான் அதை உடைக்கிறது. முதலில் ஜெல்கோட்டில் சிலந்தி வலை போலக் கோடுகள் வரும். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு இழை அடுக்கே விட்டுப்போகும்.

அக்ரிலிக் டப்புக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்து, முதுகில் ஃபைபர் அடித்திருப்பார்கள். மேல்பரப்பு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அடியில் காலியாக விட்டால் அதுவும் தப்பாது.

எவ்வளவு பாரம் விழும் என்று சொல்லுங்கள். வெறும் தண்ணீர்தானே?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்தரை அடி டப்பில் குளிக்கிற அளவுக்கு நிரப்பினால் 150 முதல் 200 லிட்டர் வரை பிடிக்கும். உள்ளே உட்காரும் ஆள் 70 கிலோ என்று வையுங்கள். டப்பின் எடை 30 கிலோவை ஒட்டி வரும். ஆக 250 முதல் 300 கிலோ. ஐந்தாறு சிமெண்ட் மூட்டை பாரம், சில மில்லிமீட்டர் ஓட்டின்மேல்.

ஆனால் நிறைந்த தண்ணீரைவிட நிற்கிற ஆள்தான் டப்புக்கு அதிக ஆபத்து. தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே சீராக அழுத்தும். ஆள் ஏறும்போது முழு எடையும் ஒற்றைக் காலின் குதிகாலில், உள்ளங்கை அளவு இடத்தில் இறங்குகிறது. பல வீடுகளில் விரிசல் நட்ட நடுவிலோ, ஏறும் பக்கத்திலோ தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

டப்போடு நான்கு கால் கொடுத்திருக்கிறார்கள். அது போதாதா?

பெட்டியில் வரும் தாளைப் பாருங்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் முதல் சட்டம், நான் சொல்வது அதற்கு அடுத்ததுதான். சில டப்புகளின் அடியில் மரப்பலகையைப் பதித்து மேலே ஃபைபர் மூடியிருப்பார்கள். கால்கள் அந்தப் பலகையில் திருகப்படும். அப்படிப்பட்டவை காலில் நிற்பதற்கென்றே செய்யப்பட்டவை. சில கம்பெனிகள் கால் இருந்தாலும் அடியில் கலவை போடச் சொல்கின்றன. வேறு சில, கலவை போட்டால் உத்தரவாதம் கிடையாது என்கின்றன. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொத்தனாரிடம் யோசனை கேட்காதீர்கள்.

கால் மட்டும்தான் என்று தாள் சொன்னால், கொடுத்த கால் அத்தனையும் தரையில் பதிய வேண்டும். நடுக்கால் ஒன்று கொடுத்திருப்பார்கள், அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தக் கால்தான் அடிவயிற்றைத் தாங்க வேண்டியது. ஒவ்வொரு காலுக்கும் கீழே அரை அடிச் சதுரத்தில் ஒரு கடப்பா கல் துண்டைச் சாந்து வைத்துப் பதித்துவிட்டால், பாரம் ஒரே புள்ளியில் குத்தாது. மட்டம் பார்த்து முடித்ததும் பூட்டு நட்டை இறுக்க மறக்கக் கூடாது. இறுக்காவிட்டால் ஆள் ஏறி இறங்கும் அதிர்வில் மரை தானாகச் சுற்றி, கால் குட்டையாகிவிடும்.

அடியில் கலவை போடலாம் என்று தாளில் இருக்கிறது. சரியாக எப்படிப் போடுவது?

இந்த வேலையின் உயிரே இதுதான், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

கலவை போடும் முன் டப்பை ஒரு தடவை வெறுமனே வைத்துப் பாருங்கள். விளிம்பு சுவரைத் தொடுகிறதா, கழிவுக்குழாய் துளைக்கு நேராக வருகிறதா, பக்கத்துக் குழாய்கள் எதுவும் டப்பின் வயிற்றை முட்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, ரசமட்டம் வைத்து விளிம்பின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு டப்பை வெளியே எடுங்கள்.

தளத்துக்கும் டப்பின் அடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் என்றால் நேராகக் கலவை போடலாம். அடியில் டிராப் (சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கும் வளைவுக் குழாய்) வைக்க வேண்டியிருப்பதால் பல இடங்களில் ஐந்து, ஆறு அங்குலம்கூட வரும். அந்த உயரத்தை வெறும் சாந்தால் நிரப்புவது வீண், அது காயும்போது இறங்கவும் செய்யும். முதலில் செங்கல்லோ கான்கிரீட்டோ கொண்டு ஒரு மேடை கட்டி, அது நன்றாகப் பிடித்த பிறகு கடைசி ஒன்றரை அங்குலத்துக்கு மட்டும் கலவை வையுங்கள்.

கலவை ஒரு சட்டி சிமெண்டுக்கு நாலு அல்லது ஐந்து சட்டி சலித்த மணல். எம்-சாண்ட் போதும். உவரி, திசையன்விளை பக்கம் வேலை செய்கிறவர்கள் கைக்கு எட்டும் கடற்கரை மணலை அள்ளிப் போடக் கூடாது. அதில் உப்பு இருக்கிறது. தண்ணீர் கம்மியாக ஊற்றிப் பிசைய வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் வழியக் கூடாது. பூச்சுக்குப் போடுகிற மாதிரி இளக்கமாகப் போட்டால் டப்பைத் தாங்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும், காய்ந்ததும் சுருங்கி மறுபடியும் காலியிடம் விடும்.

தளத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, டப்பின் அடி உட்காரும் இடம் முழுவதும் கலவையைப் பரப்புங்கள். தேவையான உயரத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக, கரண்டியால் வரப்பு வரப்பாக இழுத்து விட வேண்டும். தட்டையாகத் தேய்த்துவிட்டால் அமுங்குகிற கலவைக்கு ஒதுங்க இடமிருக்காது, வரப்பாக இருந்தால் பள்ளத்துக்குள் பரவி உட்காரும். கழிவுத் துளையைச் சுற்றி ஒரு சாண் இடம் காலியாக இருக்கட்டும். அங்கே வேலை பார்க்கவும், நாளைக்கு வாஷர் மாற்றவும் கை போக வேண்டும்.

கலவைமேல் கனமான பாலிதீன் தாளை விரித்து, இரண்டு பேராக டப்பை நேராகத் தூக்கி இறக்குங்கள். இழுத்துத் தள்ளி வைத்தால் கலவை ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். உள்ளே ஒரு பலகை போட்டு, அதன்மேல் முழங்கால் வைத்து மெதுவாக எல்லாப் பக்கமும் அழுத்தி, சுவரில் போட்ட கோட்டுக்கு விளிம்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். நீளத்திலும் அகலத்திலும் ரசமட்டம் பாருங்கள். அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு முழு நாள் யாரும் ஏறக் கூடாது. டைல் போடுகிறவர் உள்ளே நின்றுகொண்டு வேலை பார்க்க வருவார், அவரையும் தடுத்து நிறுத்துங்கள். பாதி இறுகிய கலவையில் ஏறினால் அது நொறுங்கி, மறுபடியும் காலியிடம் உண்டாகிவிடும்.

ஐந்தரை அடி டப்புக்கு இந்தக் கலவைப் படுக்கை போடக் கால் மூட்டை சிமெண்டை ஒட்டித்தான் ஆகும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருளுக்கு இந்தச் சின்னச் செலவைச் செய்யாமல் விடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

பாலிதீன் தாள் எதற்கு?

கலவை டப்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. டப்புக்கு அடியில் தாங்கல் வேண்டுமே தவிர, அது தளத்தோடு ஒட்டிப்போக வேண்டாம். வெந்நீர் விழும்போது டப் கொஞ்சம் விரியும், ஆறும்போது சுருங்கும். ஒட்டியிருந்தால் அந்த இழுப்பு ஓட்டில்தான் இறங்கும். பிற்காலத்தில் டப்பை எடுக்க வேண்டி வந்தாலும் உடைக்காமல் எடுக்கலாம்.

கொத்தனார் வெறும் மணலை நிரப்பினால் போதும் என்கிறாரே?

மணல் முதல் நாள் நன்றாகத் தாங்கும். ஆனால் அதைக் கட்டிப் பிடிக்க எதுவும் இல்லை. எங்காவது ஒரு சொட்டு கசிந்தாலும் மணல் ஓடி ஒதுங்கும். எறும்பு குடைந்து எடுத்துவிடும். கீழே பள்ளம் விழுந்தது மேலிருந்து தெரியாது.

மரத்துண்டும் ஆப்பும் கொடுப்பதை இன்னும் பார்க்கிறேன். நம் ஊரில் ஈரம் பட்ட மரத்தைக் கரையான் விட்டுவைக்குமா? கட்டை இற்றுப்போனால், ஒரு பக்கம் மட்டும் தாங்கல் இல்லாமல் டப் முறுக்கிக்கொள்ளும். தெர்மாகோல் நாளடைவில் அமுங்கிவிடும். பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஈரத்தில் ஊறினால் இளகிவிடும், குளியலறைத் தரைக்கு அது ஆகவே ஆகாது. உடைந்த செங்கல்லை அங்கங்கே முட்டுக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். முழு எடையும் அந்தக் கல்லின் முனையில் இறங்கி, சரியாக அதே இடத்தில் ஓட்டை விழும்.

டப்பாவில் வரும் நுரையைப் பற்றியும் கேட்கிறார்கள். கதவு நிலைச் சந்து அடைக்கிற சாதாரண நுரை மென்மையானது, மாதக்கணக்கில் மிதிபட்டால் நசுங்கும். விரியும்போது காலி டப்பையே மேலே தூக்கி மட்டத்தைக் கெடுத்துவிடும். கம்பெனியே இன்ன நுரை போடு என்று சொல்லியிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கலவைதான்.

கலவையெல்லாம் போட்டுத்தான் வைத்தோம். ஆறு மாதத்தில் டப்பே ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஏன்?

மாடிக் குளியலறை என்றால் நான் முதலில் கேட்பது சங்கன் ஸ்லாபைத்தான். குளியலறைத் தளத்தை மட்டும் முக்கால் அடி, ஒரு அடி தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, மேலே செங்கல் சல்லியும் மண்ணும் போட்டு மூடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். கட்டடத்தில் மிஞ்சிய உடைசல், பழைய பூச்சு, சிமெண்ட் பை, எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் போகிறது. மேலே இரண்டு அங்குலம் சாந்து தேய்த்து டைல் ஒட்டிவிட்டால் பார்வைக்குப் பாறை மாதிரி இருக்கும். உள்ளே பொள்ளல்.

டைல் மேல் நடக்கிற பாரத்துக்கு அது சமாளித்துவிடும். முந்நூறு கிலோ ஒரே இடத்தில் தினமும் ஏறி இறங்கினால் நிரப்பியது அமுங்கும். டப்புக்கு நீங்கள் போட்ட கலவைப் படுக்கை முழுசாக அப்படியே இருக்கும், ஆனால் படுக்கையோடு சேர்த்து எல்லாம் கீழே போயிருக்கும். கழிவுக்குழாய் மட்டும் அசையாமல் நிற்கும். டப் இறங்குகிறது, குழாய் இறங்கவில்லை. அந்த இழுபறியில் துளையின் ஓரம் கிழிகிறது.

அதனால் டப் வரும் இடம் எது என்று ஸ்லாப் நிரப்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்குக் கீழே மட்டுமாவது சல்லி, மண் போடாமல், தாழ்தளத்திலிருந்தே செங்கல் கட்டி எழுப்பி மேலே கான்கிரீட் பலகையைக் கிடத்தலாம். பாரம் நேராக ஸ்லாபுக்கு இறங்கிவிடும். முழுவதும் நிரப்பத்தான் வேண்டும் என்றால் சுத்தமான செங்கல் சல்லியைச் சிமெண்ட் கலந்து, அடுக்கடுக்காகத் தட்டி நிரப்புங்கள். நீர்க்காப்புப் பூச்சு போட்டு, பள்ளத்தில் தண்ணீர் கட்டிச் சோதித்த பிறகே நிரப்ப வேண்டும் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. டப் அடியில் போய்விட்ட கசிவைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது.

கீழ்த்தளம் என்றால் இந்தத் தொல்லை இல்லையே?

வேறு தொல்லை இருக்கிறது. மானூர், கங்கைகொண்டான் பக்கம் கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி உப்பும், பங்குனி, சித்திரை வெயிலில் வெடித்துச் சுருங்கும். ஆற்றுப் பாசனத்தில் வயலாக இருந்து மனையான இடங்களில் களி. இந்த மண்ணின்மேல் நேராகத் தரை போட்டால் தரையே ஏறி இறங்கும். பேஸ்மெண்டுக்குள் கரிசலை நிரப்பாமல் சரளை போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, மேலே நாலு அங்குலத்துக்கு 1:4:8 (சிமெண்ட், மணல், சல்லி) கான்கிரீட் போட்ட பிறகுதான் டப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துச் செம்மண்ணில் இந்த உப்பல் கிடையாது, ஆனாலும் நிரப்பிய மண் நன்றாக அமுங்கியிருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதா? அப்படியானால் டப்போ ட்ரேயோ வெளியே நன்றாக இருந்தாலும், அடியை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். மணல் நிரப்பி வைத்ததாக இருந்தால் அது ஊறி இறங்கியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

தண்ணீர் வடிய டப்பைத் துளைப் பக்கம் சாய்த்து வைக்க வேண்டுமா?

வேண்டாம். வாட்டம் டப்பின் உள்தரையிலேயே வார்க்கப்பட்டிருக்கும். விளிம்பு நாலு பக்கமும் மட்டமாக இருந்தால் தண்ணீர் தானாகத் துளைக்குப் போகும். தரைக்கு வாட்டம் கொடுத்துப் பழகிய கை, டப்பையும் ஒரு பக்கம் ஆப்பு வைத்துத் தூக்கிவிடுகிறது. தூக்கிய பக்கம் அடியில் காலி. ஷவர் ட்ரேக்கும் இதே பதில்தான்.

விளிம்பைச் சுவரில் சட்டம் அடித்துத் தாங்க வைத்தால்?

சட்டம் அடிக்கலாம், டப் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்ள. பாரத்தை அதன்மேல் ஏற்றக் கூடாது. விளிம்பில் தொங்கும் டப்பில் அடிவயிறு தொய்ந்து, விளிம்பு வளையும் மூலையில் கிழியும். அடி முழுசாக உட்கார்ந்த பிறகு விளிம்பு சட்டத்தை லேசாகத் தொட்டால் போதும். மர ரீப்பருக்குப் பதில் துருப்பிடிக்காத கோணச் சட்டம் போட்டால் ஈரத்துக்கும் கரையானுக்கும் பயமில்லை.

விளிம்புக்கும் டைலுக்கும் நடுவில் சிலிகான் போடும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டப்பில் தண்ணீர் நிரப்பிவிட்டு, டப் பாரத்தோடு இருக்கும் நிலையில் சிலிகான் போட்டு, அது இறுகும் வரை தண்ணீரை அப்படியே விட வேண்டும். காலி டப்பில் போட்டால், முதல் தடவை நிரப்பும்போதே இழுபட்டுப் பிடிப்பு விட்டுவிடும். அந்தச் சந்தில் இறங்குகிற தண்ணீர்தான் அடித்தாங்கலைக் கெடுக்கிறது. வெள்ளைச் சிமெண்ட் அந்த இடத்துக்கு உதவாது.

துளையைச் சுற்றித்தான் விரிசல். வேறு எங்கும் இல்லை.

மூன்று விஷயம் பாருங்கள். துளையில் மாட்டும் கப்ளிங்கை (டப்பைக் கழிவுக்குழாயோடு இணைக்கும் பாகம்) பிளம்பர் பெரிய ரென்ச் போட்டு இறுக்கினாரா? ரப்பர் வாஷர் வைத்துக் கையால் இறுக்கி, கடைசியில் கால் சுற்று போதும். கழிவுக்குழாய் நேராக இல்லாமல், இழுத்து வளைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் குழாய் எந்நேரமும் துளையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். டப் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால், மேலே சங்கன் பற்றிச் சொன்னதுதான். அது சரியாகாமல் துளையில் என்ன பூசினாலும் நிற்காது.

எங்கள் ஆச்சிக்கு எண்பது வயது. உட்கார்ந்து குளிக்க நாற்காலி போடும்படி ஷவர் ட்ரே வைக்கப் போகிறோம். தனியாக ஏதாவது கவனிக்கணுமா?

கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய வீட்டு அங்கணத்தில் கல்தரை, அதில் எதைப் போட்டாலும் கவலை இல்லை. ட்ரே அப்படி இல்லை. நாற்காலியின் நாலு காலும் நாலு ஊசி மாதிரி. ஆச்சி உட்காரும்போது, பிடித்துக்கொள்கிற பேத்தியும் உள்ளே நிற்பாள். மூன்றடிக்கு மூன்றடி ட்ரேயில் டப்பைவிட இங்கேதான் அமுக்கம் அதிகம்.

ட்ரேயைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடி தட்டையாக இருந்தால் முழுக் கலவைப் படுக்கையில் வையுங்கள். விலா எலும்பு போலக் கட்டங்கள் இருந்தால், ஒவ்வொரு விலாவும் தளத்தைத் தொட வேண்டும். தளம் ஒரு நூல் மேடு பள்ளமாக இருந்தாலும் சில விலாக்கள் அந்தரத்தில் நிற்கும். மட்டப்பலகை வைத்துத் தளத்தைச் சரிசெய்துவிட்டு வையுங்கள். நாற்காலி கால்களுக்கு அகலமான ரப்பர்க் குல்லா மாட்டுங்கள். சுவரில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி அடியுங்கள், சுவரில்தான், ட்ரேயின் பக்கத் தகட்டில் இல்லை. ஆச்சி கால் வைக்கும்போது தரை கொஞ்சம் அசைந்தால்கூட அவருக்குப் பயம் வந்துவிடும். பயந்தவர்தான் விழுகிறார். எனக்கு விரிசலைவிட இது பெரிய காரணம்.

ஏற்கெனவே வைத்தாயிற்று. ஏறினால் "டக் டக்" என்று சத்தம் வருகிறது. எடுக்காமல் சரிசெய்ய முடியுமா?

விரிசல் விழும் முன் கேட்டீர்கள், நல்லது. வெறுங்காலோடு ஏறி, குதிகாலால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பாருங்கள். எங்கே அமுங்குகிறதோ அங்கே சாக்பீஸால் குறியுங்கள். விரல் முட்டியால் தட்டினால், தாங்கல் உள்ள இடம் கெட்டியாகவும், இல்லாத இடம் பொத்தென்றும் கேட்கும்.

பிறகு முன்பக்கத்து மறைப்பைத் திறக்க வேண்டும். இங்கேதான் பல வீடுகளில் சங்கடம். முன்பக்கத்தைச் செங்கல் வைத்துக் கட்டி டைல் ஒட்டி நிரந்தரமாக மூடியிருப்பார்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் தயவுசெய்து ஒரு கழற்றும் டைல், ஒரு அடிச் சதுரத்தில் ஒரு சின்னக் கதவு, ஏதாவது ஒன்று விட்டு வையுங்கள்.

திறந்த பிறகு, கெட்டியாகப் பிசைந்த கலவையைக் குறுகலான பலகையால் உள்ளே தள்ளித் தள்ளி, காலியிடம் நிறையும்வரை திணிக்க வேண்டும். பின்பக்கச் சுவரோரத்திலிருந்து தொடங்கி முன்னால் வாருங்கள். அளவுக்கு மீறித் திணித்து டப்பைத் தூக்கிவிடாதீர்கள், மேலே ரசமட்டம் இருக்கட்டும். கை எட்டாத மூலை என்றால் கடைசி வழியாக, கொஞ்சமே விரியும் வகை நுரையை, டப்பில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக அடிக்கலாம். முழு நாள் விட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள்.

விரிசல் விழுந்தே விட்டது. ஒட்டலாமா, மாற்றணுமா?

முதலில் தாங்கல். அதைச் செய்யாமல் ஒட்டினால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த கோடு விழும்.

ஜெல்கோட்டில் மட்டும் முடிக்கோடு என்றால், தேய்த்துச் சுத்தம் செய்து ஜெல்கோட் பூசி மெருகேற்றினால் போதும். தண்ணீர் ஊடுருவிப்போகும் விரிசல் என்றால், கோட்டின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்க வேண்டும். பின்பக்கம் போக முடிந்தால் பின்பக்கம் ஒட்டுவதுதான் உறுதி. இடம் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் ரெசின் பிடிக்காது. நம் போர்த்தண்ணீரில் படியும் வெள்ளை உப்பையும் சுரண்டிவிட வேண்டும், அதன்மேல் ஒட்டினால் உரிந்து வரும்.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்பவர்களுக்கு நான் கடற்கரையைக் காட்டுகிறேன். உவரி, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை ஊர்களில் ஃபைபர் படகு ஓடுகிறது. படகுக்குப் பாயும் ரெசினும் போட்டு ஒட்டத் தெரிந்த கைக்கு டப் ஒட்டுவது சிரமமான வேலை இல்லை. நிறம் பொருந்தாமல் போகலாம், பிடிப்பு பொருந்தும். நீங்களே செய்வதென்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ரெசினோடு கலக்கும் கடினமாக்கி கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

அடிப்பகுதி முழுக்கக் கோடுகளாகி, மிதித்தால் மெத்தென்று அமுங்கினால் இழை அடுக்கு விட்டுப்போயிற்று. அதை மாற்றுவதுதான் சரி.

கல்லிடைக்குறிச்சியில் தாத்தா காலத்து மச்சு வீடு. மாடியில் டப் வைக்கலாமா?

மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சு என்றால், பொறியாளர் நேரில் பார்க்காமல் வைக்காதீர்கள். இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 875, வீட்டுக் குளியலறைத் தளத்துக்குக் கணக்கில் எடுக்கச் சொல்லும் நடமாட்டப் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. ஆள் உட்கார்ந்த, நிறைந்த டப் அது நிற்கும் இடத்தில் இதைத் தாண்டிவிடும். புதிய கான்கிரீட் ஸ்லாபில் அந்தப் பாரம் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். நூறு வருடச் சட்டம் வளையும், சட்டம் வளைந்தால் மேலிருக்கும் டப்பும் வளையும். கீழ்த்தளத்தில் ஒரு ஷவர் ட்ரே வைத்துக்கொள்வதுதான் அந்த வீட்டுக்கு நல்லது.

எதைப் போட்டுக் கழுவலாம்?

சோப்புத் தண்ணீர், மென்மையான துணி. டைலுக்கு ஊற்றும் ஆசிட்டை டப் பக்கம் கொண்டுவராதீர்கள், ஜெல்கோட் மங்கிச் சொரசொரப்பாகும். அக்ரிலிக்கில் தின்னர், அசிட்டோன் படவே கூடாது. உப்புக்கறைக்கு வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து, உடனே அலசிவிடுங்கள். அடுப்பில் கொதித்த வெந்நீரை நேராகக் கவிழ்ப்பதும் தவறு. முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர்.

வேலை முடிந்து எத்தனை நாளில் குளிக்கலாம்?

கலவை வைத்த பிறகு ஒரு முழு நாள் தொடவே வேண்டாம். மூன்று நாள் கழித்து டப்பை நிரப்பி, அரை மணி நேரம் விட்டு, திறப்பு வழியாக டார்ச் அடித்துக் கப்ளிங்கைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிரம்பிய நிலையிலேயே சிலிகான் போட்டு, மறுநாள் வரை விடுங்கள். ஐந்தாம் நாள் வீட்டில் எடை கூடுதலாக உள்ளவரை முதலில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். சத்தம் எதுவும் வராவிட்டால் முன்பக்க மறைப்பை மாட்டிவிடலாம்.